ஒரு பெரியவர் படத்தை எடுத்ததுக்கு இவ்வளவு ரகளையா? கிராக்கர் பேரல் லோகோ சர்ச்சையின் பின்னணி

அமெரிக்காவில் ஒரு ஹோட்டல் லோகோவை மாற்றியது. ஒரே வாரத்தில் பங்கு விலை சரிந்து, அதிபர் ட்ரம்ப் வரை கருத்து சொல்லி, பழைய லோகோவே திரும்ப வந்துவிட்டது.

என்ன நடந்தது?

600-க்கும் மேற்பட்ட கிளைகள் கொண்ட 'கிராக்கர் பேரல்' 2025 ஆகஸ்ட் 19-ல் புது லோகோவை வெளியிட்டது. பீப்பாய் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரைக் காணோம், வெறும் பெயர்தான். பாரம்பரியத்தையே அழிக்கிறார்கள் என்று ஒரு தரப்பு கொந்தளிக்க, ஆகஸ்ட் 26-ல் நிறுவனம் பின்வாங்கியது.

அது எவ்ளோ பழசு?

இங்கேதான் சுவாரஸ்யம். ஷெல் நிறுவனத்துக்காக வேலை பார்த்த டான் எவின்ஸ், நெடுஞ்சாலையில் பெட்ரோல் விற்பனையைக் கூட்டுவதற்காக டென்னசி மாநிலத்தில் 1969-ல் தொடங்கிய கடை இது. நிலவில் மனிதன் இறங்கிய அதே வருஷம், பழைய கிராமத்து மளிகைக் கடை மாதிரி செட் போட்டார்கள். அந்தப் பெரியவர் லோகோவுக்கு வந்ததே 1977-ல்தான்.

சுவரில் தொங்கும் தகர விளம்பரம், விவசாயக் கருவி, குடும்ப போட்டோ எல்லாம் நிஜப் பழசு. ஆனால் எங்கெங்கோ வாங்கி, கிடங்கில் சேர்த்து, கிளை கிளையாக அனுப்பப்பட்டவை. போட்டோவில் இருப்பது யாருடைய பாட்டி என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது.

தியரி என்ன சொல்லுது?

பின்நவீனத்துவம் என்றதும் ஸ்க்ரோல் பண்ணிவிட வேண்டாம். மூலமே இல்லாத நகல், அசலைவிட அசலாகத் தெரியும் என்பது பிரெஞ்சு சிந்தனையாளர் போத்ரியார் 1981-ல் எழுதிய நூலின் மையம். மும்பையில் பிறந்த மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை இன்னும் நேரடியாகச் சொன்னார்: நாம் இழக்கவே இல்லாத ஒன்றுக்காக ஏங்க வைப்பதுதான் விளம்பரத்தின் வேலை. அதற்கு அவர் வைத்த பெயர், 'சாய்வு நாற்காலி ஏக்கம்'. லோகோவில் இருப்பதும் நாற்காலிதான்!

யாரோட பழைய காலம்?

1964-ல் குடிமை உரிமைச் சட்டம் வரும்வரை, தென் மாநில ஹோட்டல் சுவர்களில் 'வெள்ளையர்களுக்கு மட்டும்' பலகையும் தொங்கியது. அந்தப் பலகையை நினைத்து யாரும் ஏங்குவதில்லை, செட்டிலும் அதற்கு இடமில்லை. ஆனால் கறுப்பினத்தவரைத் தனியே உட்கார வைத்ததாகவும், வெள்ளை ஊழியர்கள் அவர்களுக்குப் பரிமாற மறுத்தபோது கண்டுகொள்ளவில்லை என்றும் இதே நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. 2004-ல் சமரசம் ஆனது. ஊழியர்களுக்குப் பயிற்சி தரவும், அடையாளம் சொல்லாமல் ஆள் அனுப்பிச் சோதிக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

லோகோவுக்கு எழுந்த சத்தத்தில் இந்தப் பழைய கதை பெரிதாகக் கேட்கவில்லை. சில கிளைகளில் சுவருக்கு வெளிர் நிறம் அடித்து, பழைய பொருட்களைக் குறைத்திருந்தார்கள். செப்டம்பரில் அந்த வேலையும் நிறுத்தப்பட்டது.