பாட்டரி மேல் பழி போடாதீர்கள்!

இரவு இரண்டு மணி. என் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அம்மா பிளாஸ்க்கும் பையுமாக வாசலில் தயார். நான் காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். 'டிக்... டிக்... டிக்...' பல்லி சகுனம் சொல்வதுபோல் சப்தம் போட்டுவிட்டு வண்டி மௌனம் சாதித்தது. நல்லவேளை, எதிர் வீட்டுக்காரர் தம் காரில் எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பத்து நாள் முன்புதான் பழைய பாட்டரியைத் தலைமுழுகிவிட்டுப் புதியது வாங்கிப் போட்டிருந்தேன்!

மறுநாள் வந்த மெக்கானிக் கேட்டார்: "டாஷ்போர்டில் பாட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்ததா, ஸார்?"

"நாலைந்து நாளாக மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. புதுப் பாட்டரி ஆயிற்றே என்று சும்மா இருந்துவிட்டேன்."

"பாட்டரி வெறும் குடம், ஸார். ஆல்டர்னேட்டர்தான் குழாய். குழாயில் தண்ணீர் வராவிட்டால் புதுக் குடம் வாங்கி என்ன பிரயோசனம்?"

குழாயை மூடியது யார் தெரியுமோ? ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்! தேய்ந்து, தளர்ந்து, வழுக்கிக்கொண்டிருந்தது.

அவரிடம் கற்ற பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன வோல்ட் மீட்டர் இருந்தால் போதும். இரவு முழுவதும் ஓய்வெடுத்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். 12.2 என்றால் அரை வயிறு. 12-க்கும் கீழே போனால் பட்டினி! பிறகு என்ஜினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.5-லிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையா? பாட்டரியை விட்டுவிட்டு பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் கவனியுங்கள். 15-ஐத் தாண்டினாலும் ஆபத்துதான், ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம்.

மீட்டர் இல்லாதவர்களுக்குக் காது இருக்கிறது. 'டிக் டிக்' என்று சப்தம் கேட்டு விளக்கும் மங்கினால், பாட்டரியில் சார்ஜ் இல்லை. அல்லது டெர்மினலில் பூசணம் பூத்திருக்கிறது. விளக்கு பளிச்சென்று எரிய, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். என்ஜின் வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையென்றால், பெட்ரோலிலோ இக்னிஷனிலோ கோளாறு, பாட்டரி நிரபராதி!

டெர்மினல் பூசணத்துக்கு ஆப்பச் சோடா கரைத்த வெந்நீர் போதும். முதலில் நெகடிவ் இணைப்பைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். என்ஜின் ஓடும்போது மட்டும் கழற்றிவிடாதீர்கள். டைனமோ வண்டிகளின் காலத்தில் சிலர் அப்படிச் சோதித்தது உண்டு. இன்றைய கார்களில் மின்னணுச் சாதனங்கள் பாழாகிவிடும்.

தங்கைக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம். அந்த பெல்ட்டை முதலிலேயே கவனித்திருந்தால், பாட்டரிக்குக் கொடுத்த பணத்தில் மருமகளுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கியிருக்கலாம்!