எல்லோருக்குள்ளும் கடவுள் - கண்டிஷன்ஸ் அப்ளை

சாரல் சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் அருவியோடு சேர்ந்து தத்துவமும் கொட்ட ஆரம்பித்துவிடும். மெயினருவியில் தலையைக் கொடுத்தவன் ஏழையா பணக்காரனா, என்ன சாதி, என்ன மதம் என்று தண்ணீர் கேட்பதில்லை, ஆகவே எல்லோருக்குள்ளும் இருப்பது ஒரே கடவுள்! தென்காசிப் பக்கம் ஆன்மிகச் சொற்பொழிவு கேட்கப் போகிறவர்களுக்கு இந்த உதாரணம் மனப்பாடமாக இருக்கும். கைதட்டலுக்கும் உத்தரவாதம் உண்டு.

தண்ணீர் கேட்பதில்லை, சரி. தண்ணீருக்குப் போகும் வழியில் நின்ற மனிதர்கள் கேட்டார்களே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

1934 ஜனவரியில் ஹரிஜன யாத்திரையாகக் காந்தி குற்றாலம் வந்தார். அருவியில் தாழ்த்தப்பட்டவர்கள் குளிக்க அனுமதியில்லை என்று தெரிந்ததும் தானும் குளிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். (அதே பயணத்தில் பீகார் பூகம்பம் தீண்டாமைக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசி, தாகூரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது வேறு கதை.) இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மற்றவனுக்குள்ளும் கடவுள் இருக்கிறார் என்று நம்பியதற்காக அந்த மனிதர் தனக்குக் கிடைக்க இருந்த ஒன்றை விட்டுக்கொடுத்தார். ஒரு குளியல்தான், சின்ன விஷயம். ஆனால் கணக்கில் அது செலவாக ஏறியது. காமர்ஸ் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும். "எல்லோரும் இறைவனின் வடிவம்" என்று வரவு மட்டும் எழுதிக்கொண்டே போகிற நோட்டை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தென்காசிக்கு வருவோம். காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், 15-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு அபூர்வமான கல்வெட்டுப் பாடலை விட்டுப் போயிருக்கிறான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை நேர்ந்து, அதை வந்து சரிசெய்து காப்பாற்றுபவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் சாரம். யாராக இருந்தாலும்! குலம் கோத்திரம் எதையும் நிபந்தனையாக வைக்கவில்லை. இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஒருவனின் காலில் ஒரு ராஜா முன்கூட்டியே விழுகிறான். எல்லோரிடமும் தெய்வத்தைப் பார்ப்பது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த வட்டாரத்தில் கிடையாது.

பின்னால் அந்தக் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. மீண்டும் சுமார் 178 அடி உயரத்தில் எழும்பி 1990-இல் கும்பாபிஷேகம் கண்டது. அந்தத் திருப்பணியை முன்னின்று நடத்தியவர் 'தினத்தந்தி' சிவந்தி ஆதித்தன். அவர் பிறந்த நாடார் சமூகத்துக்கு, அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பு, பாண்டிய நாட்டுப் பெரிய கோயில்களில் என்ன மரியாதை இருந்தது?

இதற்குக் கமுதி வரைக்கும் போக வேண்டும். 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிப் பாம்பனில் இறங்குகிறார். தடபுடலாக வரவேற்றவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. சிகாகோ பயணத்துக்கே ஊக்கம் கொடுத்தவர். ராமேசுவரம் கோயிலில் விவேகானந்தர் பேசுகிறார்: ஏழையிடமும் நோயாளியிடமும் பலவீனனிடமும் சிவனைப் பார்ப்பதே உண்மையான சிவபூஜை என்று. அடுத்த நாலே மாதம். அதே ராஜாவின் ஆளுகைக்கு உட்பட்ட கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் போய்ச் சாமி கும்பிட்டார்கள். ராஜா என்ன செய்தார்? பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் கோர்ட்டுக்குப் போனார்! கோயில் தீட்டாகிவிட்டதாம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், நாடார்களுக்கு உள்ளே போக உரிமையில்லை என்று 1908-இல் முடிந்தது.

சேதுபதி கொடுமைக்காரர் அல்ல. வாரி வாரிக் கொடுத்தே கடனாளியானவர். அதனால்தான் அவர் கதை முக்கியம். நல்ல மனசு, உயர்ந்த உபதேசம், பக்கத்திலேயே விவேகானந்தர்... இத்தனையும் இருந்தும் கோயில் வாசலில் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. மனசு விரிந்தால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று சொல்பவர்கள் இந்த ராஜாவை என்ன செய்யப் போகிறார்கள்?

சரி, இதெல்லாம் பழைய கதை என்பீர்கள். செங்கோட்டைப் பக்கம் இருக்கிற மீனாட்சிபுரம் அவ்வளவு பழைய கதை இல்லை. 1981 பிப்ரவரி 19 அன்று அந்த ஊரின் தாழ்த்தப்பட்ட குடும்பங்களில் சுமார் 180 குடும்பங்கள் ஒரே நாளில் இஸ்லாத்தைத் தழுவின. டெல்லி வரை ஆடிப்போனது. தலைவர்கள் வரிசையாக வந்தார்கள், வாஜ்பாய் உட்பட. "அரபு நாட்டுப் பணம்" என்று பத்திரிகைகள் எழுதின. டீக்கடையில் தனி கிளாஸ், ஆதிக்க சாதியின் அடக்குமுறை, போலீஸ் கெடுபிடி என்று ஊர்க்காரர்கள் சொன்னதெல்லாம் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

எல்லா மதமும் ஒன்று, எந்த ஆற்றில் இறங்கினாலும் ஒரே கடல் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது யார்? அந்தப் பேச்சு உண்மையானால் 180 குடும்பம் ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்கு மாறியதில் பதற என்ன இருந்தது? கடல் ஒன்றுதானே! பதறினார்கள் என்றால், ஒன்று அந்த வாசகத்தை அவர்கள் நம்பவே இல்லை. இல்லையென்றால் அது மற்றவர்கள் இருக்கிற இடத்திலேயே கிடக்கும்வரை செல்லுபடியாகும் வாசகம்.

பணத்துக்காகப் போனார்கள் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இஸ்லாத்துக்கு மாறினால் பட்டியல் சாதி அந்தஸ்து போய்விடும், அதோடு சலுகைகளும் போகும். இழப்பு கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது. அதையும் தாண்டி ஒரு ஊரே கிளம்பியிருக்கிறது என்றால், "யார் கொடுத்தார்கள்" என்பதற்கு முன்னால் "இங்கே என்ன கொடுக்கவில்லை" என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? மாறிய பிறகு எல்லாம் பாலும் தேனுமாக ஓடியதா என்று மடக்குபவர்களும் உண்டு. அது போனவர்கள் பாடு. போகவிட்டவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை.

இதை உபதேசமாக நிறுத்தாமல் செய்து காட்டியவர்கள் தெற்கே இருந்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் சிலை வைக்கவில்லை, கண்ணாடி வைத்தார். கும்பிட வந்தவன் தன் முகத்தையே பார்த்துக் கும்பிட வேண்டும். ரொம்ப அழகான ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். அதே ஊரில் எல்லாச் சாதியும் இறைத்துப் பயன்படுத்த முந்திரிக்கிணறு என்று ஒரு பொதுக்கிணறும் உண்டு. கண்ணாடியைப் புகழ்பவர்கள் கிணற்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அதென்னவோ தெரியவில்லை.

அடுத்த சீசனிலும் அருவி உதாரணம் வரத்தான் போகிறது. வரட்டும். சொற்பொழிவு முடிந்து பந்தி போடும்போது, கூட்டத்தில் யாராவது ஒருத்தர் எழுந்து இதை மட்டும் கேட்டால் போதும்: சமையல்கட்டில் இன்றைக்குக் கரண்டி பிடித்தது யார், அந்தக் கட்டுக்குள் இன்றுவரை நுழைய முடியாதது யார்?