பரணில் தூங்கும் டிரோன் மறுபடி பறக்க வேண்டுமா?

பர்சைத் திறக்குமுன் பெட்டியைத் திறக்க வேண்டும்!

ஆசை யாரை விட்டது? வேலை, கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் என்று ஐந்தாறு வருஷம் ஓடிவிடும். பரண் மேல் ஒரு பெட்டி தூசி படிந்து கிடக்கும். திடீரென்று ஒருநாள் அதன் நினைவு வரும். பெட்டிக்குள் இருப்பது டிரோன்! நான்கு மோட்டார், நான்கு விசிறி, முன்னால் ஒரு குட்டிக் காமிரா.

இது கல்யாண மண்டபத்தில் படம் எடுக்கும் டிரோன் அல்ல. இந்த ரகத்துக்கு "எப்.பி.வி." என்று பெயர். காமிரா காணும் காட்சி ரேடியோ அலையில் வரும். பறக்க விடுபவர் கண்ணில் மாட்டியிருக்கும் 'காகிள்ஸ்' என்ற பெட்டிக் கண்ணாடியில் அது தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தானே பறப்பது போல் இருக்கும். இந்த ருசியை ஒரு தடவை கண்டவர் லேசில் மறக்க மாட்டார்.

மறுபடி பறக்க விட நினைக்கும் இளைஞருக்கு இரண்டு யோசனைகள் கிடைக்கும். "எல்லாம் பழசாகிவிட்டது. புது செட் வாங்கு!" என்பார் நண்பர். "இந்தக் குப்பையைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடு!" என்பார் வீட்டில் உள்ளவர்.

இரண்டுமே தப்பு! புது செட் வாங்கினால் ஒரு மாதச் சம்பளம் பறந்துவிடும். பேப்பர்க்காரரிடம் போட்டால் நல்ல சாமானும் போய்விடும். நடுவே ஒரு வழி இருக்கிறது.

மூன்று குவியல்

பெட்டியில் உள்ளதை எல்லாம் வெளியே எடுத்து மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். ஆபத்தானது ஒரு குவியல். அவசியமானது இரண்டாவது. ஆடம்பரமானது மூன்றாவது.

ஆபத்தானதை உடனே மாற்ற வேண்டும். அவசியமானதைக் கணக்குப் பார்த்து மாற்ற வேண்டும். ஆடம்பரத்தைத் தள்ளிப் போட வேண்டும். அநேகர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பளபளப்பான காகிள்ஸ் வாங்குகிறார்கள். கையில் காசு தீர்ந்ததும் உப்பிப்போன பழைய பாட்டரியையே மாட்டுகிறார்கள். அங்கேதான் வருகிறது வினை!

முதல் செலவு பாட்டரிக்கே

டிரோனில் இருப்பது 'லிப்போ' பாட்டரி. ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். எடுத்து வைக்கும்போது 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். வருஷக் கணக்கில் கவனிக்காமல் விட்டால் தானாகவே இறங்கிவிடும். 3 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை மறுபடி நம்பக்கூடாது. தலையணை போல் உப்பியிருந்தால் அதற்குச் சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடிக்கும்! அதைக் குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

புதுப் பாட்டரி வாங்கும்போது ஒரு மோசம் நேரலாம். பழைய டிரோன்களில் பெரும்பாலானவை நான்கு செல் பாட்டரியில் ஓடுபவை. இப்போது ஆறு செல்தான் மோஸ்தர். "ஆறு செல் போட்டால் வேகம் கூடும்" என்று யாராவது சொல்வார்கள். நான்கு செல்லுக்கென்று செய்த மோட்டாரிலும் அதை ஓட்டும் சர்க்யூட்டிலும் ஆறு செல்லை மாட்டினால், வேகம் வருமுன் புகை வரும்! ஆறு செல்லுக்கு மாறுவது என்றால் பாட்டரி, மோட்டார், சர்க்யூட் மூன்றையும் மாற்றியாக வேண்டும். நான்கு செல் பாட்டரி இரண்டு வாங்கினால் செலவு அதோடு நிற்கும்.

பாட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது. கட்டில் மேல், சோபா மேல் வைத்துச் சார்ஜ் போடக்கூடாது. வெறும் தரையில், தீப்பற்றும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஒருவர் கண்ணெதிரே சார்ஜ் ஆக வேண்டும். சென்னையில் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. அந்த வெயிலில் பூட்டிய காருக்குள் பாட்டரியை வைப்பது அடுப்பில் வைப்பது போலத்தான்.

ரிமோட்டை வீசிவிட வேண்டாம்

அடுத்தது ரிமோட். இதைத்தான் பலர் அவசரப்பட்டு விற்றுவிடுகிறார்கள். பழைய ரிமோட்களில் பலவற்றின் முதுகில் ஒரு சதுரக் குழி இருக்கும். அதில் புதிய ரேடியோப் பெட்டி ஒன்றைச் செருகலாம். செருகினால் பழைய ரிமோட் புது ரிமோட்டாக வேலை செய்யும்!

இன்று அநேகர் உபயோகிக்கும் ரேடியோ முறைக்கு 'எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ்.' என்று பெயர். எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமானது அல்ல. யாரும் தயாரிக்கலாம் என்று திறந்து விடப்பட்டது. போட்டி உண்டு, ஆகவே விலை குறைவு. டிரோனுக்குள் வைக்கும் ரிசீவர் நகத்தளவுதான் இருக்கும். ரேடியோத் தொடர்பு அறுந்தால் டிரோன் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே பாட்டரிக்கு அடுத்த செலவு இதற்குத்தான்.

வாங்கும்போது பெட்டியின் மேல் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது உரிமம் இல்லாமல் உபயோகிக்கக்கூடிய அலை. 915 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட பெட்டிகள் வேறு நாடுகளுக்கானவை. விலை மலிவு என்று அதை வாங்கி மாட்டிக்கொள்ளக்கூடாது.

டிரோனின் மூளையான சர்க்யூட் பலகையை மாற்ற வேண்டுமா? 'எப்-3' என்ற பழைய ரகப் பலகைக்கு 'பீட்டாபிளைட்' மென்பொருளின் புதிய பதிப்புகள் 2019-ம் ஆண்டோடு நின்றுவிட்டன. அதனால் என்ன? பழைய பதிப்பிலேயே அது பறக்கும். கெட்டுப்போன அன்று மாற்றினால் போதும்.

ஒயர், திருகாணி, சால்டரிங் சாமான் இவற்றுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. மாம்பலத்திலிருந்து போய்வர அரை நாள் போதும். சால்டர் வைத்த பிறகு, பாட்டரியை முதல் தடவை இணைக்கும்போது நடுவில் 'ஸ்மோக் ஸ்டாப்பர்' என்ற சிறு கருவியை மாட்ட வேண்டும். எலெக்ட்ரீஷியன்கள் சீரிஸ் பல்பு போட்டுச் சோதிப்பார்களே, அதே தந்திரம்தான். ஒயர் மாறியிருந்தால் பலகை கருகாமல் தப்பும். வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறிகளைக் கழற்றிவிட வேண்டும். அந்த விசிறி விரலை வெட்டும்!

காகிள்ஸ் மோகம்

இப்போது ஆடம்பரக் குவியலுக்கு வருவோம். அதில் முதல் இடம் டிஜிட்டல் காகிள்ஸுக்கு.

பழைய காகிள்ஸ் 'அனலாக்' ரகம். படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். ஆன்டெனா வைத்த பழைய டெலிவிஷன் பார்த்தவர்களுக்கு அது தெரியும். டி.ஜே.ஐ. கம்பெனி 2019-ல் எப்.பி.வி.க்கென்று டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது. படம் சினிமா போல் இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் விலை? பல பத்தாயிரம் ரூபாய்! அதோடும் முடியாது. டிரோனில் உள்ள காமிராவும், படம் அனுப்பும் கருவியும் மாற வேண்டும். பொதுவாக ஒரு கம்பெனியின் காகிள்ஸ் இன்னொரு கம்பெனியின் கருவியோடு சேராது. இரண்டாவது டிரோன் கட்டினால் அதற்கும் அதே செலவு.

அனலாக் படம் மங்கல்தான். ஆனால் காட்சி தாமதமில்லாமல் வரும். அலை பலவீனமானால் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி எச்சரிக்கை செய்யும். விட்ட பழக்கத்தைத் திரும்பப் பிடிக்க அது தாராளமாகப் போதும். ஆறு மாதம் பழைய காகிள்ஸில் பறக்க விட்ட பிறகும் ஆசை குறையவில்லையா? அப்போது புதிது வாங்கலாம். ஆசை ஆறிப்போனால் அத்தனை பணமும் மிச்சம்!

அந்தப் பணத்தில் ஒரு சிறு துளியை வேறொன்றுக்குச் செலவிடலாம். அதுதான் கம்ப்யூட்டரில் ஓடும் பயிற்சி விளையாட்டு. 'லிப்ட் ஆப்', 'வெலாசிடிரோன்' என்ற பெயர்களில் கிடைக்கின்றன. ரிமோட்டை ஒரு ஒயரால் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பழகலாம். திரையில் நூறு தடவை விழுந்தாலும் செலவு பூஜ்யம்! விரல்கள் பழைய பழக்கத்துக்கு வந்த பிறகு நிஜ டிரோனைத் தொட்டால், உடைந்த விசிறிக்கும் மோட்டாருக்கும் ஆகும் செலவு குறையும்.

பறக்க விட இடம் எங்கே?

சாமான் தயார். எங்கே பறக்க விடுவது? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. இன்று அங்கே ஏரி இல்லை. வெட்ட வெளியும் இல்லை. ஆரிய கவுடா ரோட்டில் கடை, ஜனம், வாகனம். மொட்டை மாடியில் வடாம், துணிக்கொடி, தண்ணீர் டேங்க். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடிய டிரோனுக்கு இது இடமே அல்ல.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளின்படி விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை தனிக் கட்டுப்பாடு உண்டு. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, 200 அடிக்கு மேலே போக அனுமதி வேண்டும். 5 முதல் 8 கிலோமீட்டர் வரை, தரையிலிருந்தே அனுமதி வேண்டும். மீனம்பாக்கத்தை எண்ணிப் பார்த்தால் மேற்கு மாம்பலம் இந்தக் கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் அடங்கிவிடும். 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் எந்த இடத்திலும் பறக்க விடக்கூடாது. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கின்றன அந்த விதிகள். சிக்கனமாகச் சேர்த்த காசெல்லாம் ஒரே நாளில் போய்விடும்!

டிரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும் என்பது பொது விதி. 2 கிலோவுக்குள் எடையுள்ள டிரோனை வியாபாரம் அல்லாத காரியத்துக்குப் பறக்க விடுபவருக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். முழு டிரோனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது 2022-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி தடை செய்யப்பட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புக் காரியங்களுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. ஆகவே பழைய டிரோனைப் பழுது பார்ப்பது பர்சுக்கும் நல்லது, சட்டத்துக்கும் பொருந்தும்.

இன்னொரு நிபந்தனை. பொழுதுபோக்கு டிரோன் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள்தான் பறக்க வேண்டும். காகிள்ஸ் மாட்டியவருக்கு வெளியே எதுவும் தெரியாது. ஆகவே பக்கத்தில் ஒருவர் நின்று டிரோனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தம்பி, தங்கை, மனைவி யாராக இருந்தாலும் சரி. "குழந்தை வருகிறது, இறக்கு!" என்று அவர் குரல் கொடுத்தால் உடனே இறக்க வேண்டும். இந்தத் துணைக்குச் செலவே இல்லை!

மாம்பலத்துக்குள்ளேயே ஆசை தீர வேண்டுமா? விசிறியைச் சுற்றி வளையம் வைத்த 'வூப்' என்ற குட்டி டிரோன் இருக்கிறது. எடை சுமார் 30 கிராம். வீட்டுக் கூடத்திலேயே நாற்காலிக் கால்களுக்கு நடுவே நுழைந்து வரும். பழைய ரிமோட்டும் பழைய காகிள்ஸுமே இதற்கும் உதவும். பெரிய டிரோனை மாதம் ஒரு தடவை பச்சை நிறம் காட்டும் வெளியூர்த் திடலுக்கு எடுத்துப் போகலாம்.

விளையாட்டா, வித்தையா?

"இந்த வயதில் இது என்ன பொம்மை?" என்று பெரியவர்கள் கேட்கலாம். மாம்பலத்தில் ரெயில் ஏறினால் அதே பாதையில் குரோம்பேட்டை. அங்கே இருக்கிறது அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த எம்.ஐ.டி. அந்தக் கல்லூரியின் 'தக்ஷா' குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவி டிரோன் போட்டியில் இரண்டாம் பரிசு வென்றது. ரிமோட் விமானம் ஓட்டுவதில் பிரியமுள்ள நடிகர் அஜீத்குமார் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அவருடைய பொழுதுபோக்கு ஒரு மாணவர் குழுவுக்குக் கைகொடுத்தது!

எல்லோரும் பரிசு வாங்கப் போவதில்லை. வாங்கவும் வேண்டாம். சால்டர் பிடிக்கத் தெரிந்த கையும், கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் புத்தியும், அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் செய்யாத மனமும் வந்தால் அதுவே லாபம். அப்பா பழுது பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளையும் கற்றுக்கொள்ளும்.

பாட்டரி முதலில், ரிசீவர் அடுத்து, காகிள்ஸ் கடைசியில். இந்த வரிசை மாறாமல் இருந்தால் டிரோனும் பறக்கும். வீட்டுக் கணக்கும் உதைக்காது!