பெயர்க் கதை: அம்மா வைத்த பெயர், அப்பா மாற்றிய பெயர்

ஒரே குழந்தை. பிறந்த அன்றே இரண்டு பெயர்கள். அம்மா ஒரு பெயர் வைத்தார். சற்று நேரத்தில் அப்பா அதை மாற்றினார். அம்மா வைத்த பெயரை இன்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அப்பா வைத்த பெயரோ உலகம் சுற்றிவிட்டது.

எபிரேய மொழியில் அது 'பின்யாமின்'. தமிழ் வேதாகமத்தில் 'பென்யமீன்'. ஆங்கிலம் வழியாக வந்தபோது 'பெஞ்சமின்'. தமிழ் பேசும் முஸ்லிம்களிடம் அதே பெயர் 'புன்யாமீன்'. இத்தனை வடிவங்களுக்கும் பின்னால் இருப்பது ஒரு பிரசவத்தின் கதை.

வழியில் பிறந்த பிள்ளை

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் வருகிறது இந்தக் கதை. யாக்கோபுக்கு லேயாள், ராகேல் என்று இரண்டு மனைவிகள். இருவரும் கூடப்பிறந்த சகோதரிகள். அக்கா லேயாளுக்கு அடுத்தடுத்துக் குழந்தைகள். தங்கை ராகேலுக்கு நெடுநாள் பிள்ளையில்லை. எனக்குக் குழந்தை வேண்டும், இல்லையென்றால் செத்துப்போவேன் என்று கணவரிடம் அழுத அளவுக்கு அவருக்கு ஏக்கம்.

கடைசியில் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு 'யோசேப்பு' என்று பெயர் வைத்தார் ராகேல். 'இன்னும் ஒன்றைக் கூட்டித் தரட்டும்' என்பது அதன் பொருள். கையில் ஒரு பிள்ளை இருக்கும்போதே, அவன் பெயரிலேயே அடுத்த பிள்ளைக்கும் வேண்டுதல் வைத்துவிட்டார்!

அந்த வேண்டுதல் பலித்தது. ஆனால் வீட்டில் அல்ல, வழியில். பெத்தேலிலிருந்து எப்பிராத்தாவுக்குக் குடும்பம் போய்க்கொண்டிருந்தபோது ராகேலுக்கு வலி கண்டது. கடினமான பிரசவம். பயப்பட வேண்டாம், இதுவும் ஆண்குழந்தைதான் என்று மருத்துவச்சி தேற்றினார். ராகேல் பிழைக்கவில்லை. உயிர் பிரியும் நேரத்தில் குழந்தைக்கு அவர் வைத்த பெயர் 'பென்-ஓனி'. பென் என்றால் மகன். ஓனி என்றால் என் துயரம். 'என் துயரத்தின் மகன்.'

பிள்ளை இல்லாவிட்டால் சாவேன் என்றவர், பிள்ளை வந்த வேளையில் போனார்.

அப்பா செய்த முதல் காரியம்

யாக்கோபுக்கு மொத்தம் 12 மகன்கள். முதல் 11 பேருக்கும் பெயர் வைத்தது லேயாளோ ராகேலோதான். பணிப்பெண்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் அவர்களே பெயரிட்டார்கள். யாக்கோபு தன் வாயால் பெயர் வைத்தது இந்த ஒரு குழந்தைக்கு மட்டும்.

அவர் வைத்த பெயர் பின்யாமின். 'வலக்கையின் மகன்'. எபிரேய மரபில் வலக்கை என்றால் பலம், மதிப்பு, ஆதரவு. ஒருவரை வலப்பக்கம் உட்கார வைப்பது பெரிய மரியாதை.

மனைவியின் கடைசிப் பேச்சை அவர் ஏன் மாற்றினார்? பைபிள் காரணம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய பெயரை நினைத்துப் பாருங்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும், விளையாட்டிலிருந்து கூப்பிட்டாலும், 'உன் அம்மாவின் துயரம் நீ' என்றே அந்தப் பிள்ளையின் காதில் விழுந்திருக்கும்.

13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த யூத அறிஞர் ராம்பான் இதற்கு அழகான விளக்கம் தந்திருக்கிறார். எபிரேயத்தில் 'ஓன்' என்ற சொல்லுக்குத் துயரம் என்றும் பொருள் உண்டு, வலிமை என்றும் பொருள் உண்டு. மூத்த மகன் ரூபனை யாக்கோபு வாழ்த்தும்போது அதே 'ஓனி' என்ற சொல் 'என் வலிமை' என்ற பொருளில் வருகிறது. ராகேல் துயரம் என்ற பொருளில் சொன்னார். யாக்கோபு அதையே வலிமை என்ற பொருளில் எடுத்துக்கொண்டு, வலிமைக்கு அடையாளமான வலக்கையைப் பெயரில் வைத்தார் என்கிறார் ராம்பான். அப்படிப் பார்த்தால் அவர் மனைவியின் பெயரை அழிக்கவில்லை. அதன் பொருளைத்தான் திருப்பினார்.

வலதும் தெற்கும்

பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. 'யாமின்' என்றால் வலது மட்டுமல்ல, தெற்கும்தான். சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் தெற்கு அல்லவா? ஏமன் நாட்டின் பெயரும் இதே வேர்ச்சொல்லிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. இது தமிழர்களுக்குப் புதிதல்ல. வடமொழியில் 'தட்சிணம்' என்ற சொல்லும் வலது, தெற்கு இரண்டையும் குறிக்கும். தக்காணம் என்ற பெயர் அதிலிருந்து பிறந்ததுதான்.

யாக்கோபின் மகன்களில் கானான் நாட்டில் பிறந்தவன் இவன் ஒருவனே. மற்றவர்கள் வடக்கே ஆராம் பகுதியில் பிறந்தவர்கள். அதனால் 'தெற்கில் பிறந்த மகன்' என்பது 11ஆம் நூற்றாண்டு அறிஞர் ராஷியின் விளக்கம். சமாரியர்களின் வேதப் பிரதியிலோ பெயர் 'பென்யாமிம்' என்று இருக்கிறது. அதற்கு 'நாள்களின் மகன்', அதாவது அப்பாவின் முதுமையில் பிறந்தவன் என்று பொருள் கொள்ளலாம்.

சிரியாவில் மாரி என்ற பழைய நகரத்தில் கிடைத்த கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் களிமண் ஏடுகளிலும், 'தெற்கின் மக்கள்' என்று பொருள்படும் இதே அமைப்பில் ஒரு கூட்டத்தாரின் பெயர் வருகிறது. பைபிளின் பென்யமீன் கோத்திரத்தோடு அவர்களுக்கு உறவு இருந்ததாக நிறுவப்படவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பெயர் எவ்வளவு பழையது என்பதை அது காட்டுகிறது.

இடக்கை வீரர்கள்

'வலக்கையின் மகன்' வழிவந்த கோத்திரம் பைபிளில் புகழ்பெற்றது எதற்குத் தெரியுமா? இடக்கைப் பழக்கத்துக்கு! மயிரிழை தப்பாமல் கவண்கல் எறியும் 700 இடக்கை வீரர்கள் அவர்களிடம் இருந்ததாக நியாயாதிபதிகள் நூல் சொல்கிறது. மோவாபிய அரசனைக் கொன்று மக்களை மீட்ட ஏகூத்தும் இடக்கைக்காரர். அவரும் பென்யமீன் கோத்திரத்தார்.

ஒரு சமயம் சண்டையில் இந்தக் கோத்திரமே அழிந்து 600 ஆண்கள்தான் மிஞ்சினார்கள். அங்கிருந்து மீண்டு வந்ததுதான் இஸ்ரவேலின் முதல் அரசர் சவுலின் வம்சம். அதே கோத்திரத்தில் பிறந்து, சவுல் என்ற அதே பெயரையும் கொண்டிருந்தவர், பின்னாளில் பவுல் என்று அறியப்பட்ட அப்போஸ்தலர்.

கடைக்குட்டி

யாக்கோபின் கடைசிப் பிள்ளை என்பதால், பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் 'பெஞ்சமின்' என்ற பெயரே வீட்டின் கடைக்குட்டியைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகிவிட்டது. இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1706இல் பாஸ்டனில் பிறந்தார். அவருடைய அப்பாவுக்கு 17 பிள்ளைகள். மகன்களில் இவர்தான் கடைசி.

யாக்கோபு தன் கடைக்குட்டியை எப்படிப் பொத்தி வளர்த்தார் என்பதும் ஆதியாகமத்தில் இருக்கிறது. பஞ்சம் வந்து எகிப்துக்குத் தானியம் வாங்கப் போகும்போது பத்து மகன்களை அனுப்பினார், பென்யமீனை மட்டும் அனுப்பவில்லை. வழியில் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். ராகேலை வழியில்தானே இழந்தார்! பெயரை மாற்றிய அப்பாவின் மனதிலிருந்து அந்தத் துயரம் போகவே இல்லை. பிள்ளையின் தலையில் மட்டும் அதை ஏற்றவில்லை.

பெத்லகேமின் வடக்கு எல்லையில் ராகேலின் கல்லறை என்று காலங்காலமாகப் போற்றப்படும் இடம் இருக்கிறது. குழந்தை வரம் வேண்டும் யூதப் பெண்கள் இன்றும் அங்கே போய் வேண்டிக்கொள்கிறார்கள்.

ஒரு பார்வையில்
பெயர்: பின்யாமின் (எபிரேயம்), பென்யமீன், பெஞ்சமின், புன்யாமீன்
பொருள்: வலக்கையின் மகன், தெற்கின் மகன்
செல்லப் பெயர்கள்: பென், பென்னி