மகன் அப்பாவிடம் போய்விட்டான். ஜீவனாம்சம் என்ன ஆகும்?

உழவர் வீட்டுக் கேள்விகள்

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன் எங்களுக்கு விவாகரத்து ஆனது. செம்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு தையல் வேலை செய்கிறேன். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 10. பிள்ளைக்கு 4,000 வீதம் மாதம் 8,000 ரூபாய் அவர்களுடைய அப்பா தரவேண்டும் என்று உத்தரவு. அவர் மதுராந்தகம் பக்கம் நெல் வைக்கிறார். ஜூன் மாதம் மகன் அவரிடம் போய் அங்கேயே பள்ளியில் சேர்ந்துவிட்டான். அதுமுதல் 4,000 மட்டும் வந்தது. இப்போது மூன்று மாதமாக அதுவும் இல்லை. கேட்டால், "ஆளுக்கு ஒரு பிள்ளை, கணக்கு சரியாகிவிட்டது" என்கிறார். நான் என்ன செய்வது?
- வாசகி, செம்பாக்கம்

பதில்: சகோதரி, பயிர்க் கேள்விகளுக்கு நடுவே இப்படியும் கடிதங்கள் வருகின்றன. சட்டம் அறிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

கணக்கு சரியாகவில்லை. நீதிமன்ற உத்தரவு நீதிமன்றம் மாற்றும்வரை அப்படியேதான் இருக்கும். பிள்ளை வீடு மாறிவிட்டான் என்று அவராகவே தொகையைக் குறைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. மகள் உங்களிடம்தானே இருக்கிறாள்? அவளுடைய பங்கு அவளுடைய உரிமை. அதை அம்மாவும் அப்பாவும் பேசி விட்டுக்கொடுத்துவிட முடியாது.

அதே சமயம் மகன் அவர் வீட்டில் சாப்பிட்டு, அவர் செலவில் படிக்கிறான். அவனுக்கான 4,000 ரூபாயைத் தொடர்ந்து எதிர்பார்ப்பது நியாயமில்லை. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ வழி இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, 127 என்று இருந்த பிரிவுகள், 1-7-2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144, 146 என்று வந்துள்ளன. உத்தரவு இந்து திருமணச் சட்டத்தில் வந்திருந்தால் அதன் 26-ஆம் பிரிவில் மாற்றம் கேட்கலாம். உங்கள் உத்தரவின் நகலை எடுத்து எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள்.

இருவரும் பேசி ஒத்துவந்தால், உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில் கூட்டாக மனு கொடுங்கள். மகன் யாரிடம் இருக்கிறான், மகளுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில், விடுமுறையில் பிள்ளைகள் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வாய்ப்பேச்சில் விட்டால் நாளை இருவருக்குமே ஆதாரம் இல்லை.

அவர் ஒத்துவராவிட்டால் பாக்கியை வசூலிக்க மனு போடுங்கள். 144-ஆம் பிரிவு உத்தரவானால், ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். வேண்டுமென்றே தராதவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி கழிந்துவிடாது.

மகளுக்குச் செலவு கூடியிருந்தால் அதையும் கேட்கலாம். பள்ளிக் கட்டணம், பேருந்து, மருத்துவம் என்று ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள். உங்கள் தையல் வருமானத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 4-11-2020 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புப்படி, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பொதுவாகத் தகப்பன் ஏற்கவேண்டும், தாய்க்குப் போதிய வருமானம் இருந்தால் அதற்கேற்பப் பகிரலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ஒன்று மட்டும் வேண்டாம். பணம் வரவில்லை என்று மகளை அப்பாவிடம் காட்டாமல் இருக்காதீர்கள். மகனிடம் பாக்கி கேட்டு அனுப்பவும் வேண்டாம். பணமும் பார்க்கும் உரிமையும் வேறு வேறு.

கேள்வி: விவாகரத்துக்குப் பின் மகளுக்கு மாதம் 5,000 கட்டி வருகிறேன். இந்த ஆண்டு மழையில் சம்பா போய்விட்டது. தொகையைக் குறைக்கக் கேட்கலாமா?
- வாசகர், அச்சிறுபாக்கம்

பதில்: கேட்கலாம் தம்பி. ஆனால் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்காதீர்கள். முடிந்ததைக் கட்டிக்கொண்டே, உடனே மனு போடுங்கள். குறைப்பு பெரும்பாலும் மனு போட்ட நாளிலிருந்துதான் கிடைக்கும், பழைய பாக்கி தலையில் நிற்கும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். நீதிமன்றத்துக்கோ கணக்கு வேண்டும். சிட்டா, அடங்கல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் முந்தைய ஆண்டுகளில் போட்ட நெல்லுக்கான ரசீது, உரக்கடை பில், கூட்டுறவுக் கடன் விவரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைச் சேருங்கள். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமானால் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுக்கும். அதில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். பயிர்க் காப்பீடு செய்திருந்தால் அந்த ரசீதும் உதவும். மாடு, கோழி, வாடகை என்று வேறு வருமானம் இருந்தால் மறைக்காதீர்கள்.

நமக்கு மாதச் சம்பளம் கிடையாது, அறுப்பில்தான் காசு. ஆகவே அறுவடை முடிந்ததும் மூன்று நான்கு மாதத் தொகையை முன்கூட்டியே வங்கி வழியாகக் கட்டி, எந்தெந்த மாதத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை.

இருவருக்கும்: சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம், 1987-இன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பொருந்தும். செங்கல்பட்டில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். அலைய முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். போகும்போது பழைய உத்தரவின் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிப் புத்தகம் நான்கையும் எடுத்துப் போங்கள்.