தையல் இயந்திரமும் பக்கத்து வீடும்

சமீபத்தில் ஒரு மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேச என்னை அழைத்திருந்தார்கள். 'குடிசைப் பகுதிப் பெண்களுக்கு நாம் என்ன செய்யலாம்?' என்பது தலைப்பு. மேடையில் ஆறு தையல் இயந்திரங்களுக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். அவற்றைப் பெற வந்த ஆறு பெண்களும் நாற்காலியில் உட்காரக் கூசிச் சுவரோரமாக நின்றார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: இந்தப் பெண்களுக்குச் சேமிப்புத் தெரியாது, ஒற்றுமை தெரியாது, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கத் தெரியாது, நாம்தான் கற்றுக் கொடுக்க வேண்டும். நானும் ஏதோ பேசினேன். கை தட்டினார்கள். அன்று சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பதினொரு வருஷம் பாத்திரம் தேய்த்த பெண் ஒருத்தி உண்டு. அடையாற்றங்கரையில் குடிசை. காலை ஆறு மணிக்கு நடந்தே வந்துவிடுவாள். அவளுடைய கைக்குழந்தையை அப்போது யார் பார்த்துக்கொண்டார்கள்? பக்கத்துக் குடிசைக் கிழவி. தண்ணீர் லாரி வந்தால் அவளுடைய குடத்தை வரிசையில் நகர்த்தி வைத்தது யார்? எதிர்வீட்டுக்காரி. புருஷன் குடித்துவிட்டு வந்து கை ஓங்கிய இரவில் ஓடி வந்து கதவைத் தட்டியவர்கள் யார்? அந்தச் சந்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். மூத்த பெண்ணின் பள்ளிக்கூடச் செலவுக்குப் பணம் கொடுத்தது எந்த பாங்க்? பன்னிரண்டு பேர் சேர்ந்து போட்ட சீட்டு. இதற்கு ஒற்றுமை என்று பெயரில்லை என்றால், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மாதர் சங்கத்தார்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டு போனார்கள். அவளும் போனாள். ஆற்றங்கரை ஆபத்தானது என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. சிமெண்டுக் கூரையும் உள்ளேயே கக்கூசும் உள்ள வீடு ஒரு பெண்ணுக்கு எத்தனை பெரிய விடுதலை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே கிழவிக்கு ஒரு பிளாக், எதிர்வீட்டுக்காரிக்கு வேறு பிளாக், இவளுக்கு ஐந்தாவது மாடி. சீட்டுப் போட்ட பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு மூலைக்குப் போனார்கள். வேலைக்கு வர பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். திரும்பிப் போக அதே நேரம். கைக்குழந்தையை யாரிடம் விடுவது? ஒன்பதாம் வகுப்பில் இருந்த மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டாள். பதினான்கு வயதில் அவள் தம்பிக்குத் தாயானாள்.

அந்தச் செய்தியை அவள் என் சமையலறை வாசலில் நின்று சொன்னபோது எனக்கு முதலில் வந்த கவலை, நாளைக்குப் பாத்திரத்தை யார் தேய்ப்பது என்பதுதான். அடுத்தவர்களைக் குற்றம் சொல்லக் கிளம்பியவன் இதை மறைத்தால் அயோக்கியத்தனம்.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஏற்பட்டது; 1971-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே மேம்படுத்துவது முதலிலும் அகற்றுவது பிறகும் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் வாரியம் நகருக்குள்ளேயே, குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டியதும் உண்டு. 2000-ல் கண்ணகி நகர் வந்தது. பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். மேம்படுத்துவது பின்னுக்குப் போய், அகற்றுவது முன்னுக்கு வந்துவிட்டது. 2021-ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். அதே ஆண்டில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் காசில்லாமல் போகலாம் என்றும் ஆனது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது காசைத்தான் மிச்சப்படுத்தும். தினம் மூன்று மணி நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

"சேரியைக் காவியமாக்குகிறீர்கள், அந்தச் சந்தில் அடிதடி இல்லையா, வம்பு இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணின் காலடியை எண்ணுகிற கண்களும், பதினாறு வயதில் அவளைக் கட்டிக் கொடுக்கச் சொல்கிற வாய்களும் அங்கே உண்டு. நம் அக்கிரகாரங்களிலும் பங்களாக்களிலும் அவை இல்லையா? அதற்காக நம்மை யாராவது லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டு விட்டார்களா? நோய் இருக்கிறது என்று கையை வெட்டுவது வைத்தியம் ஆகாது.

அந்தப் பெண்களை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சென்னையில் 1978-ல் ஜெயா அருணாசலம் 'ஒர்க்கிங் உமன்ஸ் ஃபோரம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பூக்காரிகளும் காய்கறிக்காரிகளும் சிறு குழுக்களாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று கடன் பெற்றார்கள். பம்பாயில் பைகுல்லா நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் 1986-ல் 'மகிளா மிலன்' என்று ஒன்று சேர்ந்தார்கள். அவர்களோடு தோள் கொடுத்து நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், ஜோக்கின் அற்புதம். அந்தப் பெண்கள் தினமும் சில்லறை சேர்த்தார்கள். தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று தாங்களே மாதிரி செய்து காட்டினார்கள். இவர்களுக்கா நாம் சேமிப்பும் ஒற்றுமையும் கற்றுக் கொடுக்கப் போகிறோம்?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னைக் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஆறு தையல் இயந்திரம் எத்தனை பேருக்குக் காணும்? எதைக் கேட்க வேண்டுமோ அதை நாம் கேட்பதில்லை. குடும்பங்களைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கொடுங்கள். ஒரு சந்தை ஒரே மாடிப்படியில் சேர்த்துக் குடியேற்றுங்கள். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் யாரையும் பெயர்க்காதீர்கள். தாய் வேலைக்குக் கிளம்புகிற விடியற்காலையில் திறக்கிற குழந்தைகள் காப்பகத்தை அந்தப் பெண்களின் பொறுப்பிலேயே விட்டு, அதற்கு அவர்களுக்குச் சம்பளமும் கொடுங்கள். சர்க்காரிடம் இவ்வளவையும் கேட்கிற நாம், நம் சமையலறையில் வேலை செய்கிறவளுக்குச் சம்பளத்தோடு வாரம் ஒரு நாள் லீவு கொடுக்கிறோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விழா முடிந்து நான் வெளியே வந்தபோது, இயந்திரம் பெற்ற பெண்களில் ஒருத்தி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனம்மா, இன்னும் போகவில்லையா?" என்று கேட்டேன்.

"ஏழாவது மாடி சார். லிப்ட் ஓடலை. பழைய வீடா இருந்தா நாலு பேர் வந்து ஒரு கை பிடிப்பாங்க. இங்கே யாரைக் கூப்பிடுறது?"

மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசிய எங்களில் ஒருவரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.