பீரோவில் பூட்டிய படங்கள்

"தாத்தா, உங்க ஊருக்கு ரயில் போகுமா?" என்று பேரன் கேட்டான். பள்ளிக்கூடத்தில் சொந்த ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அவன் நாக்பூரிலேயே பிறந்து வளர்கிறவன். "முன்பு போயிற்று, இப்போது இல்லை" என்றேன். அவன் நம்பவில்லை. கையிலிருந்த போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இங்கே தண்டவாளமே கிடையாதே தாத்தா!" என்று சிரித்தான். முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளத்தோடு குப்பை கொட்டியவனுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்றது.

என் ஊர் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில், ஆக்கூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாயவரத்திலிருந்து மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் வண்டி ஓடிற்று. 1926-ல் போட்ட பாதை, 1986-ல் மூடிவிட்டார்கள். டிப்ளமோ முடித்து வேலையில் சேர நான் ஊரைவிட்டுக் கிளம்பியது அந்த வண்டியில்தான். இதைப் பையனுக்கு எப்படி நிரூபிப்பது?

வழி காட்டியவர் என் மருமகன். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெர்ரி-காஸ்டநேடா நூலகத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள் இருக்கின்றன. அவற்றில் பல்லாயிரத்தைப் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி இண்டர்நெட்டில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு 1950-களில் நம் நாட்டுக்குத் தயாரித்த வரிசையும் அதில் உண்டு. படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் இரண்டரை கிலோமீட்டர்.

முதலில் வருவது கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு சுட்டுப் படம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். நாக்பூர் இருப்பது என்.எஃப். 44, என் ஊர் இருப்பது என்.சி. 44. 'என்' என்பது பூமத்திய ரேகைக்கு வடக்கு. அடுத்த எழுத்து நான்கு நான்கு பாகையாக மேலே ஏறும். 44 என்பது கிழக்கே 78 முதல் 84 பாகை வரை. நாக்பூருக்கும் மாயவரத்துக்கும் 44 பொதுவாக இருப்பதைப் பாருங்கள். நாம் ஏதோ தூர தேசத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஊருக்கு ஏறக்குறைய நேர் வடக்கே குடியிருக்கிறோம்!

கட்டத்தைத் தொட்டதும் படம் விரிந்தது. மாயவரத்திலிருந்து கடலை நோக்கி ஒரு கோடு இறங்கி, 'டிரான்க்விபார்' என்று வெள்ளைக்காரன் வாயில் புகுந்து புறப்பட்ட தரங்கம்பாடியில் போய் நின்றது. பேரன் விரலால் அந்தக் கோட்டின்மேல் ஊர்ந்து போனான். பிறகு தனுஷ்கோடியைத் தேடிக் காட்டினேன். பாம்பனிலிருந்து முனைவரை ரயில் பாதை அப்படியே இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அந்தப் பாதையும் அதில் வந்த வண்டியும் போனது பையனுக்குத் தெரியாது. எனக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரவு ஒரு எண்ணம் தூங்கவிடவில்லை. என் ஊர் ரயில் பாதையை என் பேரனுக்குக் காட்ட டெக்சாஸ் நூலகம் எதற்கு?

அந்த ராணுவப் படங்கள் பெரும்பாலும் நம் சர்வே ஆஃப் இந்தியாவின் படங்களை வைத்துத் தயாரானவை. 1767-ல் தொடங்கிய இலாகா அது. இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் சர்வே, 1802 ஏப்ரல் 10-ல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் அளக்கத் தொடங்கிய அடிக்கோட்டில் ஆரம்பித்தது. சமவெளியில் மலை கிடையாது. ஆகவே தெற்கே கோவில் கோபுரங்களே அவருக்கு அளவை நிலையங்கள். அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோவிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமாகிவிட்டது. மனிதர் வாரக்கணக்கில் உட்கார்ந்து தாமே சரிசெய்தார். 1823-ல் நாக்பூரை நோக்கி வரும் வழியில் ஹிங்கன்காட்டில் காலமானார். நாம் சென்னைக்குப் போகும்போது வண்டி தாண்டிப் போகிற அதே ஹிங்கன்காட்தான். நம்மில் எத்தனை பேர் அங்கே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறோம்?

இப்படி உண்டான படங்கள் நம் நாட்டில் எங்கே கிடைக்கின்றன? டெக்சாஸ் படத்தில் ஒரு குறை உண்டு. அளவு சிறியது. ஐம்பது ஏக்கர் ஏரி அதில் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. வாய்க்கால், ஓடை, குட்டை, களத்துமேடு எல்லாம் தெரிய வேண்டுமானால், மைலுக்கு ஓர் அங்குலம் என்று சர்வே ஆஃப் இந்தியா போட்ட பழைய ஷீட்டுகள் வேண்டும். நம் பல்கலைக்கழகங்களிலும் பழைய கல்லூரிகளிலும் பூகோளத் துறை பீரோக்களில் அவை சுருட்டிக் கிடக்கின்றன. அப்படி ஒரு நூலகத்துக்குப் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம். முதல் நாள் துறைத் தலைவரின் கடிதம் கேட்டார்கள். இரண்டாம் நாள் சாவி வைத்திருப்பவர் லீவு. மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தபோது பாதிப் படங்களைக் கறையான் எனக்கு முன்பே படித்து முடித்திருந்தது. எடுத்துக் காட்டியவர் நல்ல மனிதர். "யாரும் கேட்டு வருவதில்லை சார்" என்றார். பூட்டி வைத்தால் யார் கேட்டு வருவார்கள்?

பழைய படம் என்பது ஊர் ஏக்கம் பிடித்த கிழவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். என் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஸ்டேஷனில் புதிதாக ஒரு லூப் லைன் போட்டோம். மெயின் லைனுக்கு அடியில் ஒரு சின்னக் கல்வெர்ட் இருந்தது. பல வருஷமாக அதில் தண்ணீர் வந்து யாரும் பார்த்ததில்லை. புதிய கரைக்கு அடியில் அதை நீட்டாமல் விட்டுவிட்டோம். கேங் மேட் மட்டும், "சாப், இது நாலா, என் அப்பா காலத்தில் ஓடியது" என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான். இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு ராத்திரி தண்ணீர் வந்தது. போக வழியில்லாமல் கரையை அறுத்துக்கொண்டு போயிற்று. மழைக்கால ரோந்து போன ஆள் சிவப்பு விளக்கைக் காட்டியதால் ஒரு கூட்ஸ் வண்டி தப்பியது. பிறகு அலுவலகப் பீரோவைக் குடைந்து பழைய ஷீட்டை எடுத்துப் பார்த்தோம். அந்த இடத்தில் நீலக்கோடு ஒன்று மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. நாம் மறந்துவிடுகிறோம். இன்று ஏரியிலும் ஓடையிலும் மனை வாங்கிவிட்டு, மழை வந்ததும் மொட்டை மாடியில் நிற்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கையில் அந்தப் படம் இருந்திருந்தால் பணத்தைக் கொடுக்குமுன் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள்.

பாதுகாப்புக் காரணம் என்று சொல்வார்கள். எல்லைப் பகுதிகளுக்கு அது சரி. ஆனால் வீட்டுக் கூரைவரை சாட்டிலைட் படத்தில் தெரிகிற காலத்தில், காவிரிப் படுகையின் எழுபது வருஷத்துப் பழைய வாய்க்காலை மறைத்து யாரை யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம்? அரசாங்கமே மனம் மாறியிருக்கிறது. 2017-ல் சர்வே ஆஃப் இந்தியா தன் படங்கள் பலவற்றை இலவசமாக எடுத்துக்கொள்ள வழி செய்தது. 2021 பிப்ரவரியில் வரைபடத் தகவல்கள் மீதான கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன. ஆனால் 2017-ல் கிடைத்தவை அண்மைக் காலப் பதிப்புகள். தாத்தா காலத்து ஓடை அவற்றில் இருக்காது. அது அந்தப் பீரோவில்தான் இருக்கிறது. ஆகவே, பல்கலைக்கழகங்கள் தங்கள் பழைய ஷீட்டுகளை உடனே ஸ்கேன் செய்து பொதுவில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. கறையான் கமிட்டி போட்டு முடிவெடுப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய படம் வேதவாக்கு அல்ல. அமெரிக்க ராணுவப் படத்தின் ஓரத்திலேயே, இதில் காட்டிய எல்லைகளை அதிகாரபூர்வமாகக் கொள்ள வேண்டாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு பங்காளியோடு கோர்ட்டுக்குப் போகாதீர்கள்! எந்த வருஷத்து அளவை, என்ன அளவு, எதிலிருந்து எடுத்தது என்று ஓரக் குறிப்பைப் படித்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

நம் சங்கம் ஒன்று செய்யலாம். வருகிற பொங்கல் விழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்ப் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து வரட்டும். எடுக்கத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலை சங்க நூலகத்துக்கு வாருங்கள், நானும் இரண்டு இளைஞர்களும் இருப்போம். பழைய படத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்தவும் கற்றுத் தருகிறோம். இடம் மாறாத நான்கைந்து புள்ளிகளை இரண்டிலும் அடையாளம் காட்டினால் மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் அதற்கு வாகான புள்ளி கோவில் கோபுரம்தான். லாம்ப்டன் பிடித்த அதே கோபுரம்.

முக்கியமாக, வீட்டிலிருக்கும் பெரியவர்களை அழைத்து வாருங்கள். படத்தில் பெயர் இல்லாத மடு, தோப்பு, படித்துறை எல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பென்சிலோடு உட்கார வையுங்கள். என் பேரன் தன் தாளில் தரங்கம்பாடிப் பாதையைச் சிவப்பில் வரைந்து ஸ்டேஷன் பெயர்களைத் தமிழில் எழுதிவிட்டான். ஆக்கூர் என்பதற்கு எந்த 'ர்' என்று என்னைக் கேட்டுத்தான் எழுதினான்.